எல்லாக் கையெழுத்தும் முத்து முத்தாகத்தான் இருக்கணுமா?



போன மாதம் எங்கள் ஓவிய டீச்சர் ஐந்து தாள்களைக் கொண்டு வந்து கரும்பலகையில் வரிசையாக ஒட்டினார். எல்லாம் சீன எழுத்து. ஒன்றுகூட எங்களுக்குப் படிக்கத் தெரியாது. "படிக்க வேண்டாம், சும்மா பாருங்க. எழுதினவர் எந்த மனசோட எழுதியிருப்பார்னு சொல்லுங்க" என்றார். முதலில் சிரித்தோம். பார்க்கப் பார்க்கச் சிரிப்பு நின்று போச்சு. ஐந்தும் ஒரே மொழிதான். ஆனால் ஐந்துக்கும் ஐந்து முகம்.

அன்றிலிருந்து எனக்குள் ஒரு கேள்வி. இந்தச் சுவர்ப் பத்திரிகைக்கு யார் கட்டுரை கொடுத்தாலும், கையெழுத்து நன்றாக உள்ள இரண்டு அக்காக்கள்தான் அதைப் பார்த்து எழுதுவார்கள். என் கட்டுரை இரண்டு தடவை வந்திருக்கிறது. என் கையெழுத்து ஒரு தடவையும் வந்ததில்லை. "உன்னோடது கோழி கிளறின மாதிரி இருக்கு" என்பார்கள். அக்காக்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அழகு என்றால் ஒரே மாதிரிதானா என்பதுதான் என் கேள்வி.

முதல் தாளில் இருந்தது முத்திரை எழுத்து. கி.மு. 221இல் சீனாவை ஒன்றாக்கிய சின் பேரரசர், நாடு முழுக்க ஒரே எழுத்து என்று இந்த வகையைத்தான் வைத்தார். கோடு எங்கேயும் தடிக்காது, எங்கேயும் மெலியாது. சிக்குக் கோலம் போல ஒரே கனத்தில் வளைந்து வளைந்து போகும். ஒவ்வோர் எழுத்தும் ஒல்லியாக, உயரமாக நிற்கும். எழுதினவர் யார், கோபக்காரரா, சாதுவா, ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. இன்றைக்கும் சீன ஓவியங்களின் ஓரத்தில் சிவப்பாகக் குத்தும் முத்திரையில் பெரும்பாலும் இந்த எழுத்துதான்.

இரண்டாவது, குமாஸ்தா எழுத்து. அரசு அலுவலகத்தில் நாள் முழுக்க எழுதுகிறவருக்கு வளைத்து வளைத்துப் போட நேரம் ஏது? வளைவை நேராக்கி, எழுத்தை அமுக்கிக் குட்டையாக, அகலமாக ஆக்கிவிட்டார்கள். ஹான் அரசர்கள் காலத்தில் இதுதான் செல்வாக்காக இருந்தது. படுக்கைக் கோடு பட்டுப்புழுவின் தலை மாதிரி உருண்டையாகத் தொடங்கி, காட்டு வாத்தின் வால் மாதிரி மேலே தூக்கி முடியும். ஓர் எழுத்தில் நாலு படுக்கைக் கோடு இருந்தாலும் ஒன்றுக்குத்தான் வால் வைக்கலாம், மற்றது அடங்கி இருக்க வேண்டும் என்று விதி. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

மூன்றாவது மாதிரி எழுத்து. நம்ம அக்காக்கள் எழுதுவது இந்த வகை என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கோடும் தனித்தனி, ஒவ்வோர் எழுத்தும் கட்டத்துக்குள் நேராக நிற்கும். சீனப் பிள்ளைகள் முதலில் பழகுவதும் இதைத்தான். இதிலேயே ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. யென் ஜென்சிங் எழுதினால் தடித்த, தோள் அகன்ற எழுத்து. லியூ குங்சுவான் எழுதினால் எலும்பு தெரிகிற எழுத்து. குண்டானதும் அழகு, ஒல்லியானதும் அழகு என்று ஆயிரம் வருடத்துக்கு மேலாக இரண்டையும் பார்த்துப் பழகுகிறார்கள். நம்மிடம் குண்டு எழுத்துக்குத்தான் பரிசு!

நான்காவது நடை எழுத்து. மாதிரி எழுத்து நின்றால் இது நடக்கும். தூரிகையை முழுசாக எடுக்காததால் ஒரு கோட்டிலிருந்து அடுத்ததற்கு நூல் மாதிரி ஓர் இழை போகும். இதில் பெரிய பெயர் வாங் ஷீஜி. அவர் கி.பி. 353இல் எழுதிய ஒரு முன்னுரையில் மொத்தம் 324 எழுத்துகள். அதில் ஒரே எழுத்து சுமார் 20 இடத்தில் வருகிறது. ஒவ்வொன்றையும் வேறு வேறு மாதிரி எழுதியிருக்கிறார்! மூல ஏடு இப்போது இல்லை, பிறகு எடுத்த நகல்கள்தான் உண்டு. நம் கையெழுத்துப் போட்டியில் கலந்துகொண்டிருந்தால், எழுத்து ஒரே சீராக இல்லை என்று மார்க் குறைத்திருப்பார்கள்.

ஐந்தாவதைப் புல் எழுத்து என்பார்கள். சீனத்தில் அந்தச் சொல்லுக்குப் புல் என்றும் பொருள், அவசரம் என்றும் பொருள். சீனர்களிலேயே பலரால் இதைப் படிக்க முடியாது. மை தீரத் தீரக் கோடு வறண்டு, நடுவில் தாளின் வெள்ளை கீற்றுக் கீற்றாகத் தெரியும். அதற்குப் பறக்கும் வெள்ளை என்று பெயர். 8ஆம் நூற்றாண்டில் ஹுவாய்சூ என்ற புத்த பிக்கு தாள் வாங்கக் காசில்லாமல் வாழை வளர்த்து, அந்த இலையில் எழுதிப் பழகினார் என்று சொல்வார்கள். (நம்ம ஊரில் வாழை இலையில் பேர் கீறினால் அடிதான் விழும்.)

இனி, நான் சொல்ல வந்த தாள். அது டீச்சர் கடைசியாகக் காட்டிய ஆறாவது தாள். மேலே சொன்ன யென் ஜென்சிங்கேதான் எழுதியவர், வருடம் 758. ஆன் லூஷான் என்ற தளபதி செய்த கலகத்தில் அவருடைய அண்ணன் மகனைக் கொன்றுவிட்டார்கள். அந்தப் பையனுக்காக எழுதிய இரங்கல் உரையின் முதல் படி அது. தொடக்கத்தில் எழுத்து அமைதியாக இருக்கிறது. போகப் போக வேகம். நடுவில் அடித்தல், திருத்தல், பக்கத்தில் இடுக்கி எழுதியது, மை காய்ந்த பிறகும் இழுத்துக்கொண்டே போன கோடு. அவர் நினைத்திருந்தால் நல்ல தாளில் திருத்தமாக எழுதியிருக்க முடியாதா? அவருடைய மாதிரி எழுத்தைத்தான் பிள்ளைகள் பார்த்து எழுதிப் பழகுகிறார்கள். ஆனாலும் அடித்தல் திருத்தலோடு உள்ள அந்தத் தாளைத்தான் நடை எழுத்தில் வாங் ஷீஜிக்கு அடுத்ததாக மதிக்கிறார்கள். இப்போது தைபேயில் உள்ள அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எங்கள் ஆயா அறிவொளி இயக்கத்தில் எழுத்து கற்றவர். பால் கணக்கு நோட்டு வைத்திருந்தார். அதில் 'பால்' என்ற சொல்லே பக்கத்துக்கு ஒரு மாதிரி இருக்கும். உடம்பு முடியாமல் போன மாதத்தில் எழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கியிருக்கிறது. ஆயா போன பிறகு, "கிழிஞ்சு போச்சேம்மா, வேற நோட்டுல நல்லா எழுதி வச்சுடட்டுமா?" என்று கேட்டேன். அம்மா வேண்டாம் என்று சொல்லிட்டாங்க. "கணக்கு யாருக்கு வேணும்? அது அவங்க கை" என்றார். ஆறாவது தாளைப் பார்த்தபோதுதான் அம்மா சொன்னது எனக்குப் புரிந்தது.

"அப்போ பரீட்சையிலயும் கிறுக்கலாமா?" என்று ஐயா கேட்பார். கூடாதுங்க ஐயா. திருத்துகிறவருக்குப் புரிய வேண்டும். சீனாவிலும் மிங், சிங் அரசர்கள் காலத்துத் தேர்வுகளில் சதுரமாக, சமமாக, கறுப்பாக எழுதினால்தான் மதிப்பு. ஆனால் அதைப் பார்த்து, எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல உயிரில்லாமல் இருக்கிறது என்று அங்கேயே குறை சொன்னவர்களும் உண்டு. பரீட்சைக்கு மாதிரி எழுத்து இருக்கட்டும். நானும் தினமும் இரட்டைக் கோடு நோட்டில் பழகுகிறேன். இந்தச் சுவர் பரீட்சைத் தாள் இல்லையே. அடுத்த மாதத்திலிருந்து கட்டுரை கொடுத்தவரே தன் கையால் எழுதட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். படிக்க முடியாத இடத்தில் அக்காக்கள் பென்சிலால் மேலே எழுதிவிடலாம்.

இந்த ஒரு தாளை நானே எழுதத் தமிழ் ஐயா அனுமதி தந்தார். ஐயாவுக்கு நன்றி. 'குமாஸ்தா' என்ற சொல்லை முதலில் தப்பாக எழுதி அடித்திருக்கிறேன். அதன் மேல் வெள்ளை மை பூசவில்லை.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி