பொதி சுற்றும் ஊன்பசைத் தாள்

தமிழாசிரியனுக்கு இரசாயனத்தில் என்ன அலுவல் என்று வினவுவார் உளராகலாம். கற்பிட்டிக் கரையில் ஒரு மாலை உலாவியவர் அங்ஙனம் வினவார். உணவு சுற்றும் பொலித்தீன் தாளை அரசு 2017ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதி தடை செய்தது. ஆயினும் கடல் ஒதுக்கும் பாசியிடையே பொலித்தீனை இன்றும் காண்கின்றோம்.

இதற்கு மாற்றாக அறிஞர் ஆராய்ந்துவரும் பொருள்களுள் ஒன்று செலற்றின் தாள். செலற்றினைத் தமிழில் ஊன்பசை என்ப. தோல், எலும்பு, மீன்செதில் ஆகியவற்றிலுள்ள கொலாசன் என்னும் புரதத்தைப் பதப்படுத்தி வெந்நீரிற் காய்ச்ச அது பிறக்கும். அதனை நீரிற் கரைத்து, உலர்ந்தபின் நொறுங்காதிருக்கச் சிறிது கிளிசரின் கூட்டித் தட்டிற் பரப்பி உலர்த்தினால், கண்ணாடி போன்ற தாள் கிடைக்கும். உலர்ந்த தாள் ஒட்சிசனை எளிதில் உட்புகவிடாது. ஆதலின் எண்ணெய்ப் பண்டம் விரைவிற் சிக்குவாடை கொள்ளாது. மண்ணிற் புதைத்தாலோ நுண்ணுயிர்கள் அதனை உண்டு தீர்க்கும்.

குறையும் உண்டு. ஈரம் பட்டால் உப்பிக் குழையும். குழம்புச் சோற்றை அதிற் கட்டினால் பொதி வீடு சேர்வது ஐயமே! இறால் ஓட்டிலிருந்து பெறும் கைற்றோசனைக் கலந்து அதனை உறுதியாக்க முயல்கின்றனர். இறால் வளர்ப்பு மிக்க எமது மாவட்டத்துக்கு இது நற்செய்தியே.

எனினும் எம் மனத்தை உறுத்துவது வேறொன்று. உலகிற் செய்யப்படும் செலற்றினிற் பெரும்பகுதி பன்றித்தோலிலும் மாட்டின் தோல் எலும்புகளிலும் இருந்தே வருகிறது. இந்துக்களும் முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் அடுத்தடுத்து வாழும் கரை இது. உண்பது சோறேயன்றித் தாளன்று எனச் சிலர் அமைதி கூறுவர். சூடும் ஈரமும் பட்டுக் கரைந்த தாள் சோற்றோடு கலந்தபின் அவ்வமைதி எங்ஙனம் நிற்கும்?

மீன்தோலிலிருந்தும் செலற்றின் எடுக்கலாம். குளிர்கடல் மீனின் பசையைவிட, எமது கடல் போன்ற வெப்பக்கடல் மீனின் பசை நன்கு உறையும். மீன் வெட்டுமிடத்தில் வீசப்படும் தோலும் செதிலும் இதற்குப் போதும். மரக்கறி உண்போர் அதனையும் ஏலார். அவர்க்கும், ஏனையோரின் சோற்றுக்கும், வாழையிலை இருக்கவே இருக்கிறது. கச்சான், மிக்சர் முதலிய உலர்பண்டங்களுக்கே ஊன்பசைத் தாள் தகும்.

யூபிலி நினைவாகக் கட்டடம் எழுப்ப முன்வரும் பழைய மாணவர்கள், எமது விஞ்ஞானக் கூடத்தில் இம்முயற்சிக்கும் ஒரு மேசை இட்டுத் தருவார்களாக. மாணாக்கர் தட்டிலே தாள் வார்த்துப் பழகட்டும். அத்தகைய தாள் என்றேனும் சந்தைக்கு வருமாயின், அது எவ்வுயிரின் தோல் என்பது அதன்மேல் மும்மொழியிலும் பொறிக்கப்படல் வேண்டும் என்று இன்றே கேட்டு வைக்கின்றோம்.