உருண்ட போளையை நிறுத்தியது எது?



"விசை என்றால் என்ன?" என்று தரம் 5 படிக்கும் பிள்ளையிடம் கேளுங்கள். "தள்ளுதல் அல்லது இழுத்தல்" என்று மூச்சுவிடாமல் சொல்லும். அதே பிள்ளையிடம், உருண்டு போன போளை ஏன் நின்றது என்று கேட்டால், "தள்ளின பெலன் முடிஞ்சி போச்சு" என்று பதில் வரும். புலமைப்பரிசில் பரீட்சைக்கு முதல் விடை போதும். விளக்கம் வந்ததா என்பதைக் காட்டுவது இரண்டாவது விடைதான். இதைத் திருத்த ஆய்வுகூடம் தேவையில்லை. வீட்டு விறாந்தை போதும், ஆசிரியை உம்மாதான்.

ஒரு கொப்பியைச் சரித்து வைத்து, அதன் மேல் நுனியிலிருந்து போளையை விடச் சொல்லுங்கள். தள்ளக் கூடாது, தானாக உருளட்டும். முதலில் சீமெந்துத் தரையில், பிறகு பன்பாயில், பிறகு விரித்த சாக்கில். எத்தனை சாண் ஓடியது என்று பிள்ளையே அளக்கட்டும். விட்ட உயரம் ஒன்றுதான். இறங்கி வந்த வேகமும் ஒன்றுதான். பெலன் தானாக முடிவதென்றால் மூன்றிலும் ஒரே தூரத்தில் அல்லவா முடிந்திருக்க வேண்டும்? இந்த இடத்தில் அவசரப்பட்டு விடை சொல்லிவிடாதீர்கள். போளை தானாக நிற்கவில்லை, தரைதான் அதை எதிர்த்துத் தடுத்தது என்று பிள்ளையின் வாயால் வரட்டும். அதன் பிறகு 'உராய்வு' என்ற சொல்லைக் கொடுங்கள்.

சில பிள்ளைகள் "அல்லாஹ்தான் நிறுத்தினான்" என்று சொல்வதுண்டு. சரியான விடை. அதட்டவும் வேண்டாம், அத்தோடு பாடத்தை முடித்துவிடவும் வேண்டாம். "எந்த ஸபபைக் கொண்டு நிறுத்தினான் மகள்?" என்று கேளுங்கள்.

இது சிறுபிள்ளைக் கேள்வியென்று நினைக்க வேண்டாம். யூனானி வைத்தியர்கள் போற்றும் இப்னு ஸீனா (980–1037) இதைப் பற்றிச் சிந்தித்தவர். எறிந்த பொருளில் உண்டாகும் நாட்டத்தை அவர் 'மைல்' என்றார். எதிர்க்க எதுவும் இல்லாவிட்டால் அது தானாக அழியாது என்பது அவர் கருத்து. அடுத்த நூற்றாண்டில் வந்த அபுல் பரகாத் அல்பஃக்தாதி அதை மறுத்து, தானாகவே குறையும் என்றார். நியூட்டன் தமது இயக்க விதிகளை வெளியிட்டது 1687இல். எல்லாம் நம்மவர் முன்பே சொல்லிவிட்டார்கள் என்று பெருமை பேச இதைச் சொல்லவில்லை. இப்னு ஸீனா சொன்னது நியூட்டன் விதியும் அல்ல. நம் பிள்ளைகள் தடுமாறும் இடத்தில் பெரும் ஆலிம்களே விவாதித்திருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்தது ஒரு பிங்பொங் பந்தும் குளிர்பானக் குழாயும். உருளும் பந்தைப் பின்னாலிருந்து ஊதினால் வேகம் கூடும். முன்னாலிருந்து ஊதினால் குறையும். விடாமல் ஊதினால் ஒரு கணம் நின்று, பிறகு திரும்பி வரும். பக்கத்திலிருந்து ஊதினால் வழி மாறும். பந்து முன்னுக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே விசை பின்னுக்கு இருக்கலாம் என்பது பெரியவர்களுக்கும் சட்டென்று விளங்காத விடயம். நாலைந்து தடவை செய்யட்டும்.

இரண்டு பால்மாப் பேணிகளில் ஒன்றை வெறுமையாக விட்டு, மற்றதில் அரிசியை இறுக நிரப்பி மூடி உருட்டச் சொல்லுங்கள். பாரமானதை ஓடவைப்பதும் கஷ்டம், ஓடுவதை நிறுத்துவதும் கஷ்டம் என்பதைக் கை உணர்ந்துகொள்ளும்.

இதையெல்லாம் நான் வலியுறுத்துவதற்கு வீதிதான் காரணம். காத்தான்குடி, மருதமுனை போன்ற ஊர்களின் நடுவே பிரதான வீதி ஓடுகிறது. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் அதைக் கடக்கிறார்கள். சாரதி பிரேக்கை மிதித்தால் பஸ் அந்த இடத்திலேயே நின்றுவிடும் என்றுதான் பிள்ளை நம்புகிறது. பஸ்ஸோ அரிசிப் பேணியை விட எத்தனையோ ஆயிரம் மடங்கு பாரம். வேகம் 2 மடங்கானால், பிரேக் பிடித்த பிறகும் ஓடும் தூரம் ஏறத்தாழ 4 மடங்காகும். மழை பெய்த வீதியில் டயருக்கு உராய்வு குறைவு. தூரம் இன்னும் நீளும். பாதசாரிக் கடவையில் நின்றாலும், வாகனம் முழுதாக நின்ற பிறகே காலை வைக்க வேண்டும் என்று நாம் சொல்வதன் காரணத்தைப் பாயிலும் தரையிலும் போளை உருட்டிப் பார்த்த பிள்ளைக்குச் சொல்லிப் பாருங்கள்.