பெட்ரோல் பில் பொறுக்கிகளும் மாமாவோட நோட்டும்

மக்களே, ஜனவரி வந்தா நம்ம பொட்டி தட்டுற இனத்துக்கு ஒரு வியாதி வரும். பேரு 'ப்ரூஃப் சப்மிஷன்'. கார் கவர் போட்டு மாசக்கணக்கா நிக்கும், ஆனா ஆபீஸ் வேலைக்கு அலைஞ்சதா டீசல் பில் மட்டும் கத்தை கத்தையா போகும். பங்க் பையனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, யாரோ வேண்டாம்னு விட்டுட்டுப் போன பில்லை அள்ளிட்டு வருவோம். 'வருவோம்'னு தான் சொல்றேன். நானும் அந்தக் கும்பல்ல இருந்தவன் தான்.

சில வருஷம் முன்னாடி பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். நமக்கு கள்ளக்குறிச்சி பக்கம். மாமா ஒரு மினி லாரி வச்சிருக்கார். கல்வராயன் மலையில வெள்ளிமலை பக்கத்துலேர்ந்து மரவள்ளிக் கிழங்கு ஏத்தி, கச்சிராயபாளையம் இறங்கி, சின்னசேலம், ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கொண்டு போவார். அவர்கிட்ட போய் கூச்சமே இல்லாம கேட்டேன்.

"மாமா, உங்க டீசல் பில்லு ஒரு பத்து கொடுங்க. ஆபீஸ்ல வரிக்குக் காட்டணும்."

மாமா நோட்டை மூடினார். "அது மலை ஏறுன டீசல் மாப்ள. உன் காரு எந்த மலை ஏறுச்சு?"

செருப்படி. அந்த நோட்டுல தேதி, எங்கேர்ந்து எங்கே, கிளம்பும்போது மீட்டர், வந்து சேரும்போது மீட்டர், என்ன லோடு, என்ன வாடகை, எவ்வளவு டீசல், பஞ்சர் எவ்வளவுன்னு வரிசையா இருந்துச்சு. பத்து பில் போனா அவர் கணக்குல பத்து இடத்துல ஓட்டை.

இதுல கொடுமை என்னன்னா, அவரு எழுதணும்னு சட்டமே கேக்கலை. பத்து சரக்கு வண்டி வரைக்கும் வச்சிருக்கவங்களுக்கு 1961 வருமான வரிச் சட்டத்துல 44ஏஈ-ன்னு ஒரு பிரிவு. 12 டன்னுக்கு மேல போகாத வண்டிக்கு மாசம் 7,500 ரூபாய் லாபம்னு காட்டிட்டா போதும், கணக்குப் புத்தகம் வேண்டாம். (2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் வருஷத்துச் சட்டம், இந்த ஏற்பாடு அதுலயும் உண்டு.) ஒரு வண்டிக்கு வருஷம் 90,000. வரி பூஜ்யம்.

"அப்புறம் எதுக்குய்யா நோட்டு?"ன்னு கேப்பீங்க. வண்டி ஒர்க்‌ஷாப்ல கிடந்தாலும் அந்த 7,500 ஓடிக்கிட்டே தான் இருக்கும். உண்மையில லாபம் அதைவிடக் கம்மின்னு சொல்லணும்னா கணக்கும் வைக்கணும், தணிக்கையும் பண்ணணும். நிஜ லாபம் அதிகம்னு வைங்க, ரெண்டாவது வண்டிக்கு லோன் கேக்கப் போனா 90,000-ஐப் பாத்துட்டு எவன் கொடுப்பான்? விபத்துன்னு ஒண்ணு நடந்து தீர்ப்பாயம் போனாலும் மொத கேள்வி, வருமானத்துக்கு என்ன ஆதாரம்? மலைப்பாதையில வண்டி ஓட்டுறவருக்கு அது சும்மா கேள்வி இல்லை.

இப்போ நம்ம கதை. சொந்தக் காரை ஆபீஸ் வேலைக்கு ஓட்டி, விதியில இருக்குற நிலையான தொகைக்கு மேல கழிவு வேணும்னா தேதி, போன இடம், கிலோமீட்டர், செலவுன்னு பயணப் பதிவு வேணும். கூடவே ஆபீஸ் சான்றிதழும் வேணும். அதாவது மாமா நோட்டு! நாம என்ன பண்றோம்? மார்ச் மாசம் எக்செல்ல உக்காந்து ஒரே ராத்திரியில பன்னெண்டு மாசப் பயணத்தையும் 'ஓட்டி' முடிக்கிறோம். ஆதாரமில்லாத செலவைக் கழிச்சா 270ஏ பிரிவுல அது 'தவறாகக் காட்டுறது'. ஏய்ச்ச வரியில 200 சதவீதம் அபராதம்.

அமெரிக்கா போன நம்ம பசங்களைக் கேளுங்க. அங்க 1930-ல ஜார்ஜ் கோஹன்னு ஒரு நாடகக்காரர் வழக்குல, ரசீது இல்லாட்டியும் குத்துமதிப்பா செலவை ஏத்துக்கலாம்னு கோர்ட் சொல்லிச்சு. 1962-ல பயணச் செலவுக்கு அந்தச் சலுகையைச் சட்டம் போட்டு மூடிட்டாங்க. அங்க ஒழுங்கா மைல் எழுதுற அதே பையன் இங்க வந்தா பில் பொறுக்குறான்.

"அரசியல்வாதி கோடி கோடியா அடிக்கிறான், நான் ஆயிரம் அடிச்சா தப்பா?" இது தான் நம்ம ஆளுங்களோட ஆயத்த பதில். அவன் அடிக்கிறது கச்சிராயபாளையத்துலேர்ந்து மேல போற ரோட்டுக்கான காசுன்னா, நாம அடிக்கிறதும் அதே காசு தான். குழியில இறங்கி ஆக்ஸில் உடையுறது மாமா வண்டிக்கு.

நான் அதுக்கப்புறம் பில் பொறுக்குறதில்லை. ஓட்டினா எழுதுறேன், எழுதலைன்னா கேக்குறதில்லை. வரி கொஞ்சம் கூடத்தான் போகுது. போகட்டும்.

டிஸ்கி: பங்க் பில்லு தெர்மல் பேப்பர், கொஞ்ச மாசத்துல வெள்ளையாயிடும். அன்னிக்கே போன்ல படம் எடுத்து வச்சுக்கங்க. உங்க வண்டிக்குப் போட்ட பில்லா இருந்தா மட்டும்!