கைப்பிடிச் சுவரும் காரின் முன்தூணும்



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் நம் சபையின் சகோதரர் ஒருவர் நான்கைந்து விளம்பரத் தாள்களைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்தார். துறைமுகத்தில் பணிபுரிகிறவர். மனைவி, இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியோடு நடக்கும் தாயார் என்று ஐந்து பேர் கொண்ட குடும்பம். ஒரே இருசக்கர வாகனத்தில் இரண்டு நடையாக ஆலயத்திற்கு வந்து போகிறார்கள். “ஐயா, சிறிய கார் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். எல்லாம் நன்றாயிருக்கிறது, சின்னச் சின்னக் குறைகள் மாத்திரம் உண்டு. அவற்றையே நோண்டிக்கொண்டிருந்தால் அது அவிசுவாசம் ஆகிவிடுமோ?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என்னை மகிழ்வித்தது. வாகனம் வாங்குவதைக் குறித்து, வாங்குவதற்கு முன்பாக என்னிடம் பேசியவர்கள் மிகச் சிலர். பெரும்பாலும் மாலை போட்ட வண்டி வாசலில் நிற்கும்போதுதான் சாவியை நீட்டி, “ஜெபம் பண்ணுங்கள், ஐயா” என்பார்கள். பண்ணுகிறேன், சந்தோஷமாகவே பண்ணுகிறேன். ஆயினும் அயலார் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைப்பதைக் குறை சொல்லுகிற நாம், ஜெபத்தையே ஒரு எலுமிச்சம்பழமாக்கி விடுகிறோமோ என்று பலமுறை எண்ணியிருக்கிறேன்.

குறையைத் தேடிப் பார்ப்பது அவிசுவாசம் அல்ல. உபாகமம் 22-ஆம் அதிகாரத்தில் வீடு கட்டுகிறவனுக்கு ஒரு கட்டளை இருக்கிறது. புது வீட்டின் மாடியைச் சுற்றிலும் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும். ஒருவன் தவறி விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வராதிருக்கும்படி இந்த ஏற்பாடு. அக்காலத்து மக்கள் தட்டையான மாடியில் உறங்கினார்கள், தானியம் உலர்த்தினார்கள், விருந்தினரோடு பேசியிருந்தார்கள். சுவர் இல்லாத மாடி பார்வைக்குக் குறையாகத் தோன்றாது. வீடு வீடாகத்தான் இருக்கும். ஒரு பிள்ளை விழும் நாளில்தான் அது குறை என்று தெரியவரும். அந்த நாள் வருவதற்கு முன்பே பார்க்கும்படி கர்த்தர் சொன்னார். கோபுரம் கட்டுகிறவன் முன்னதாக உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பதைப் பற்றி லூக்கா 14-இல் நம் ஆண்டவர் சொன்னதும் உங்களுக்குத் தெரியும். அது சீஷத்துவத்தைக் குறித்தது. கார் கடைக்காக அவர் அதைச் சொல்லவில்லை என்பதை ஒத்துக்கொள்ளுகிறேன். எனினும் கணக்குப் பார்க்கிறவனை அவர் புத்தியீனன் என்று எண்ணவில்லை.

இதை நான் சொல்லக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பழைய சிறிய கார் ஒன்றை வாங்கினேன். முன்கண்ணாடிக்கும் ஓட்டுநர் கதவுக்கும் இடையிலுள்ள தூண் அதில் மிகத் தடிமனாயிருந்தது. ஓட்டிப் பார்த்த நாளிலேயே அதைக் கவனித்தேன், ஆனால் பழகிவிடும் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் அந்திவேளையில் எண்ணூர் நெடுஞ்சாலையிலிருந்து வலப்புறமாகத் திரும்பினேன். சாலை வெறுமையாகத் தெரிந்தது. மீன்கூடையோடு கடந்துகொண்டிருந்த ஒரு தாயார், தூண் மறைத்த இடத்திலேயே நடந்து வந்திருக்கிறார். நான் திரும்பத் திரும்ப, அவர் நடக்க நடக்க, இரண்டும் ஒரே வேகத்தில் நகர்ந்ததால் கடைசிவரை அவர் என் கண்ணில் படவேயில்லை. அவர் போட்ட சத்தம்தான் என் காலைப் பிரேக்கின்மேல் வைத்தது. கூடைக்கும் வண்டிக்கும் ஒரு முழ இடைவெளி. அவர் என்னைத் திட்டிவிட்டுப் போனார், அது நியாயமே. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. “கண்டும் விட்டுவிட்டாயே” என்று என் மனச்சாட்சி கேட்டது.

அந்தத் தூணையும் நான் நியாயமாகவே பேசவேண்டும். வண்டி கவிழ்ந்தால் கூரையைத் தாங்குவது அதுவே. பலத்துக்காகப் பருமனாக்கும்போது பார்வை குறைகிறது. ஆகவே எல்லாக் குறையும் செய்தவனுடைய அலட்சியம் அல்ல. ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுக்கொடுத்ததன் அடையாளமாகவும் அது இருக்கலாம். எதை விட்டுக்கொடுத்தார்கள், அதன் விலையை யார் செலுத்துவது என்று கேட்கவேண்டியது வாங்குகிறவனுடைய வேலை.

டாட்டா நானோவை நினைத்துப் பாருங்கள். மழையில் ஒரு குடும்பம் முழுவதும் ஸ்கூட்டரில் நனைந்து செல்வதைக் கண்டு அந்த எண்ணம் பிறந்தது என்று ரத்தன் டாட்டா சொல்லியிருக்கிறார். நம் சகோதரருடைய குடும்பத்தைப் போன்ற ஒரு குடும்பம்! 2008-இல் காட்சிக்கு வந்து 2009-இல் ஒரு லட்சம் ரூபாய் என்ற விலையோடு வெளியான அந்தக் காரை நான் ஏளனம் செய்யமாட்டேன். அதன் பின்னால் இரக்கம் இருந்தது. ஆனால் அதன் பின்கதவு திறக்காது. பெட்டியை வைக்கப் பின்னிருக்கையின் வழியாகத்தான் கையை நுழைக்கவேண்டும். திறக்கும் பின்கதவு 2015-இல்தான் வந்தது. இவ்வகைக் குறையோடு வாழலாம். வாழ முடியாத குறை வேறிடத்தில் இருந்தது. 2014 ஜனவரியில் குளோபல் என்காப் அமைப்பு, இந்தியாவில் விற்கப்பட்ட ஐந்து சிறிய கார்களின் மோதல் சோதனை முடிவுகளை வெளியிட்டது. நானோ, ஆல்டோ 800, ஐ10, ஃபிகோ, போலோ ஆகிய ஐந்துக்கும் பெரியவர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் கிடைக்கவில்லை. அதே போலோவைக் காற்றுப்பைகளோடு சோதித்தபோது நான்கு நட்சத்திரங்கள் கிடைத்தன. ஒரே கார், நடுவில் இரண்டு காற்றுப்பைகள். அந்நிறுவனம் அதன்பின் அவற்றை எல்லா வகைகளிலும் பொருத்தியது. 2023 அக்டோபர் முதல் பாரத் என்காப் என்ற நம் நாட்டுச் சோதனையே நடைமுறையில் இருக்கிறது. ஆகவே நட்சத்திரம் எத்தனை என்று கடைக்காரரிடம் கேட்க எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை. நீங்கள் வாங்கும் வகைக்கும் அது பொருந்துமா என்று இரண்டாவது கேள்வியையும் கேளுங்கள்.

சிறிய கார்களில் இடம் ஏன் இவ்வளவு நெருக்கம் என்று கேட்பவர்களுக்கும் ஒரு காரணம் சொல்லலாம். 2006-ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் முதற்கொண்டு, நான்கு மீட்டருக்குட்பட்ட நீளமும் குறிப்பிட்ட அளவுக்குட்பட்ட எஞ்சினும் உள்ள கார்களுக்கு வரிச் சலுகை உண்டு. ஆகவே வண்டியின் வால் வரிச்சட்டத்தின் அளவுக்கு வெட்டப்படுகிறது. பின்னிருக்கையின் முழங்கால் இடமும் பெட்டி வைக்கும் இடமும் அந்த நான்கு மீட்டருக்குள் சண்டையிடுகின்றன. எரிவாயு உருளை பொருத்திய வகையென்றால் பல கார்களில் பெட்டிக்கான இடம் இன்னும் குறையும்.

சகோதரருக்கு நான் சொன்னது இவ்வளவே. தம்ளர் வைக்கும் குழி இல்லையா, சாமான் பெட்டிக்கு மூடி இல்லையா, பாட்டுப்பெட்டி சிறிதா, அவற்றை மன்னித்துவிடுங்கள். ஆனால் பின்னிருக்கையின் நடுவில் அமரப்போவது உங்கள் இளைய மகள். அந்த இடத்தில் தோளையும் தாங்கும் சீட் பெல்ட் இருக்கிறதா, அல்லது இடுப்புக்கு மாத்திரமா? தலைக்குப் பின்னால் தாங்கு உண்டா? பின்னிருக்கையிலும் பெல்ட் அணிவது சட்டம் என்பதை நம்மில் பலர் 2022 செப்டம்பரில் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே இறந்தபின்தான் கேள்விப்பட்டோம். அவர் சென்ற வாகனம் சிறியதோ மலிவானதோ அல்ல.

நம் ஊருக்கென்று சில கேள்விகளும் உண்டு. கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் சாலையில் நாம் ஓட்டுகிறோம். ஆகையால் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, தூணுக்கும் பக்கக் கண்ணாடிக்கும் இடையில் என்ன தெரிகிறது, என்ன மறைகிறது என்று பத்து நிமிடம் பாருங்கள். உப்புக்காற்று வீட்டு ஜன்னல் கம்பியையே தின்கிற இடம் இது. வண்டியின் அடிப்பாகத்தில் துருத்தடுப்புப் பூச்சு உண்டா என்று குனிந்து பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் தெருக்களில் நின்ற நீரையும், அதன்மேல் மிதந்த எண்ணெயையும் மறந்திருக்கமாட்டீர்கள். தரையிலிருந்து வண்டி எவ்வளவு உயரம் என்பது இங்கே பெருமைக்கான கேள்வி அல்ல. அதேவேளையில் உயரம் கூடினால் தாயாரின் முழங்கால் என்ன சொல்லும்? அதைத் தாள் சொல்லாது. அம்மாவே ஏறி இறங்கிப் பார்க்கவேண்டும்.

பாதுகாப்பான வகை எண்பதாயிரம் ரூபாய் கூடுதல் என்றும், அதற்குக் கடன் ஏழாண்டுக்கு நீளும் என்றும் அவர் சொன்னார். அதற்கு உடனே பதில் சொல்ல என்னால் கூடவில்லை. கடனும் ஒரு பாரம். மாதத் தவணைக்காக இரவு வேலையும் சேர்த்துப் பார்த்து, உறக்கமில்லாமல் ஓட்டுகிறவனுக்குக் காற்றுப்பை எவ்வளவு உதவும்? கடைசியாக, பெரிய திரையும் வண்ணச் சக்கரமும் உள்ள மேல்வகையை விட்டுவிட்டு, அதற்குக் கீழான வகையில் பெல்ட்டும் காற்றுப்பைகளும் முழுமையாக உள்ளதா என்று தேடுவோம் என்று ஒத்துக்கொண்டோம். அது கிடைக்காவிட்டால் ஓராண்டு காத்திருக்கவும் அவர் ஆயத்தமாயிருக்கிறார். மழைக்காலத்தில் அவர்களை ஆலயத்திற்கு அழைத்து வர, கார் வைத்திருக்கிற சபையார் ஒருவர் முன்வந்தால் நலம். விருப்பமுள்ளவர்கள் என்னிடம் சொல்லுங்கள்.

வருகிற சனிக்கிழமை காலை இரண்டு கடைகளுக்குப் போகிறோம். அம்மாவும் வருகிறார்கள். இளைய மகள் நடுவில் உட்கார்ந்து பார்ப்பாள்.