நாலாம் பக்கத்துக்கு யார் எழுதுவது?



போன மாதம் சீயமங்கலம் போய்வந்தேன். செஞ்சிக்கு வடக்கே, தேசூர் பக்கம் இருக்கும் சின்ன ஊர். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதிலிருந்து எல்லோர் பேச்சும் கோட்டையைச் சுற்றித்தான். எனக்கு அந்த வட்டாரத்துக் குடைவரைகள் மேல் தனி ஆசை. மண்டகப்பட்டு, தளவானூர், சீயமங்கலம் மூன்றும் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைவித்தவை. ஒவ்வொன்றிலும் தன் பட்டப்பெயர் ஒன்றைப் பொறித்து வைத்திருக்கிறார். சீயமங்கலத்துக்கு வாய்த்தது ‘அவனிபாஜனன்’. கோயிலுக்கே அவனிபாஜன பல்லவேசுவரம் என்று பெயர். ஆயிரத்து நானூறு வருஷமாக அந்த எழுத்து அங்கே இருக்கிறது. ராஜாவுக்குப் பாறை கிடைத்தது, எழுதிக்கொண்டார்.

நான் சொல்ல வந்தது ராஜாவைப் பற்றி அல்ல. திரும்பும் வழியில் தண்ணீர் கேட்டு நின்ற வீட்டைப் பற்றி.

நல்ல வெயில். குடையை மடக்கித் திண்ணையில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். அந்த வீட்டு அக்கா தண்ணீருக்குப் பதில் மோராகவே கொண்டுவந்தார். சுவரில் லூர்து மாதா காலண்டர். அதற்குப் பக்கத்தில் ஆணியில் நூல் கோத்து ஒரு கட்டுத் தாள் தொங்கியது. கரண்ட் பில் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால், பங்கு மடல்! ஊர்க் கத்தோலிக்கக் கோயில் மாதாமாதம் வெளியிடுவது.

ஏ4 தாளை இரண்டாக மடித்த நாலு பக்கம். உங்களில் பலர் வீட்டுக்கும் இப்படி ஒன்று வரும். முதல் பக்கம் பங்குச் சாமியாரின் சிந்தனை. இரண்டாவதில் திருப்பலி நேரம், பூசைக் கருத்துகள், கல்யாண ஓலை எனப்படும் திருமண அறிவிப்பு. மூன்றாவதில் அன்பியம் என்னும் அக்கம்பக்கக் குழுக்களின் கூட்டங்கள், ஆலய நிதிக்குக் கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியல், ரூபாய்க் கணக்கோடு. (சிரிக்காதீர்கள். கோயில் சுவர்க் கல்வெட்டுகளில் பாதி இந்தப் பட்டியல்தான். விளக்கெரிக்க இன்னார் கொடுத்த ஆடு 96 என்று எழுதியிருப்பதை இன்றைக்கு ஆராய்ச்சி என்று படிக்கிறோம்.) நாலாம் பக்கத்துக்குத் தலைப்பு, ‘நம்ம ஊர் சேதி’.

அதை எழுதுவது அந்த அக்காவேதான். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏழு வருஷமாக மாதம் தவறாமல் எழுதுகிறாராம். ஏதாவது கொடுப்பார்களா என்று கேட்டேன். “போன கிறிஸ்மஸுக்கு ஒரு டைரி குடுத்தாங்க தம்பி. அதுலதான் இப்ப குறிச்சு வெக்கிறேன்” என்றார்.

மரியாதைக்காகத்தான் புரட்ட ஆரம்பித்தேன். அரை மணி நேரம் போனது தெரியவில்லை.

ஒரு மாதம், மல்லாட்டை மூட்டையோடு விற்பனைக் கமிட்டிக்குப் போய் மழையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு வழியில் இருந்த வீடுகள் தார்ப்பாய் கொடுத்த கதை. எந்த வீட்டுத் தார்ப்பாய் இன்னும் திரும்பி வரவில்லை என்பதும் சேர்த்து. இன்னொரு மாதம், தவக்காலக் கஞ்சிக்கு அந்தக் காலத்தில் எந்த நொய் போட்டார்கள் என்று எண்பது வயதுப் பாட்டி ஒருவர் சொன்னது. பெங்களூருக்கு வேலைக்குப் போன பிள்ளைகளில் இந்தத் திருவிழாவுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒரு கணக்கு. பழைய சப்பரத்தின் ஒரு சக்கரம் யார் வீட்டு மாட்டுக்கொட்டகையில் கிடக்கிறது என்ற துப்பு. ஒன்றும் அரைப் பக்கத்தைத் தாண்டாது. ஆனால் ஒரு ஊர் முழுவதும் அந்த நூலில் தொங்கியது.

இனி ஒரு உண்மையைச் சொல்லட்டுமா? பத்திரிகை ஆசிரியனான என் மேஜைக்கும் நிறைய மடல்கள் வருகின்றன. பங்கு மடல், சேகரச் செய்தி, கோயில் திருவிழா மலர், குடியிருப்போர் சங்க மடல். பெரும்பாலானவற்றில் அந்த நாலாம் பக்கம் என்னவாக இருக்கிறது தெரியுமா? ‘புன்னகையின் பத்துப் பயன்கள்’. ‘வெந்நீர் குடித்தால் வரும் நன்மைகள்’. வாட்ஸ்அப்பில் காலையில் வந்தது, மாலையில் அச்சுக்குப் போயிருக்கும். இப்போது இன்னும் சுலபம். செல்போனிடம் கேட்டால் அதுவே ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்துவிடுகிறது.

யாரையும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நாளைக்குக் காலையில் பிரஸ்ஸுக்குக் கொடுக்க வேண்டும், பக்கம் காலியாக இருக்கிறது, வேறு என்ன செய்வார்கள்?

வெளியிலிருந்து வந்ததை வைத்துப் பக்கத்தை நிரப்புவது இன்றைக்கு வந்த வியாதியும் அல்ல. 1859-ல் இங்கிலாந்தின் டெர்பி நகரில் எர்ஸ்கின் கிளார்க் என்ற பாதிரியார் ‘பங்கு இதழ்’ ஒன்றைத் தொடங்கினார். கெட்டிக்கார யோசனை. கதை, கட்டுரை, படம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் மொத்தமாக அச்சடித்துவிடுவார்கள். அதை வாங்கும் ஒவ்வொரு பங்கும் தன் ஊர்ச் செய்தியை ஓரிரு பக்கம் அச்சடித்து மேலே சுற்றி, தன் இதழாகக் கொடுத்துக்கொள்ளலாம். மாவு அங்கேயிருந்து வந்துவிடும், நாம் உப்பு மட்டும் போட்டால் போதும் என்ற மாதிரி. பல ஊர்களில் இது பரவியது. ஆனால் இன்று அந்த ஊர்க்காரர் ஒருவர் பழைய இதழைத் தேடி எடுத்தால் எந்தப் பக்கத்தைப் படிப்பார்? நாடு முழுக்க ஒரே மாதிரி வந்த கதையையா, தன் தாத்தாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த தேதி இருக்கும் மேலட்டையையா?

நம் பக்கத்தில் இதைவிடப் பெரிய காரியமெல்லாம் நடந்திருக்கிறது. திருநெல்வேலித் திருச்சபையின் ‘நற்போதகம்’ 1849-ல் தொடங்கிய மாத இதழ். கவிஞர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் கிறிஸ்தவக் காப்பியம் ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894-ல் புத்தகமாக வந்தது. அதற்கு முன்பு பத்து வருஷத்துக்கும் மேலாக அது நற்போதகத்தில்தான் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகள். திருச்சபை இதழில் மாதாமாதம் இடம் பிடித்து ஒரு காப்பியம்! இந்த மாதப் பாட்டு வந்ததா என்று யாரோ ஒருவர் அவருக்கு நினைவுபடுத்தியிருக்க வேண்டும் அல்லவா? எழுதியவரை நினைக்கும்போதெல்லாம் அந்த ஆளையும் நினைத்துக்கொள்வேன். என் தொழில் அது.

ஆனால் அக்கா செய்வது கிருஷ்ணபிள்ளை செய்தது அல்ல. வேறு. அதன் அருமை எனக்கு அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. பேச்சு சேத்துப்பட்டு பக்கம் திரும்பியபோது.

அந்த வட்டாரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு சேத்துப்பட்டு லூர்து மாதா கோயில் தாய்வீடு மாதிரி. அந்தப் பணித்தளத்தை உருவாக்கியவர் பிரான்சிலிருந்து வந்த தாராஸ் அடிகளார், பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்தவர். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் அந்தக் கிராமங்களைச் சூறையாடியது. ஜனங்கள் கஞ்சிக்கு அலைந்தார்கள். அவரைப் போன்ற சாமியார்கள் பட்டதையும் பார்த்ததையும் கடிதமாகவும் அறிக்கையாகவும் எழுதி பாரிசுக்கு அனுப்பினார்கள். பிரெஞ்சில். அந்தப் பஞ்சத்தில் நம் கிராமங்களுக்கு என்ன நேர்ந்தது என்று தெரிந்துகொள்ள இன்று நாம் பெரும்பாலும் புரட்டுவது அந்தத் தாள்களையும் வெள்ளைக்கார அதிகாரிகளின் குறிப்புகளையும்தான். நல்லவேளை எழுதி வைத்தார்கள், வாஸ்தவம். ஆனால் பசித்துக் கிடந்த வீட்டுக்காரர் தன் தமிழில் எழுதிய நாலு வரி எங்கே இருக்கிறது? எந்தக் கிழங்கைத் தோண்டித் தின்றோம், எந்த வீடு கதவை அடைத்தது, எந்த வீடு திறந்தது என்று?

அவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது, தாளும் கிடையாது. நமக்கு இரண்டும் இருக்கிறது. கொரோனா ஊரடங்கில் உங்கள் தெருவில் யார் யாருக்குச் சமைத்துப் போட்டார்கள் என்று உங்கள் பங்கு மடலில் வந்ததா? யோசித்துப் பாருங்கள். அந்த மாதம் வெந்நீரின் நன்மைகள் வந்திருக்கக்கூடும்.

சரி, இந்த மாதிரி ஊர்ச் சேதியை யார் எழுதுவது? “எனக்கெல்லாம் எழுத வராது சார்” என்ற பதில்தான் முதலில் வரும். அக்காவும் அப்படித்தான் சொன்னாராம். அவர் செய்வது இவ்வளவுதான்: அடுப்படி அலமாரியில் டைரி. காதில் விழுவதை ஒரு வரி குறித்து வைப்பார். மாதத்தின் மூன்றாவது வியாழன் ராத்திரி, சாப்பாட்டுக் கடை முடிந்ததும் உட்காருவார். சீரியல் கிடையாது. எழுதியதைப் பேத்தி செல்போனில் தட்டி ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பிவிடும். தோன்றும்போது எழுதலாம் என்று இருந்திருந்தால் ஏழு மாதம்கூடத் தாண்டியிருக்காது என்றார். இருபது வருஷம் பத்திரிகை நடத்தும் நானும் இதில் அவர் கட்சி.

அவரிடம் ஒரு சட்டம் இருக்கிறது. “வாசல்ல நடந்தத எழுதுவேன் தம்பி. வீட்டுக்குள்ள நடந்தத எழுத மாட்டேன்.” இதை நான் என் டைரியில் குறித்துக்கொண்டேன். மடலின் அடியில் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று போட்டிருக்கும். ஞாயிறு காலை பூசை முடிந்து கைக்கு வந்த மடல், மத்தியானத்துக்குள் போட்டோவாகித் துபாய்க்குப் போய்விடுகிறது. இந்தக் காலத்தில் எது வாசல், எது வீடு என்று தெரிந்தவர்தான் ஊர்ச் சேதி எழுத முடியும்.

மனஸ்தாபம் வராமல் இருக்குமா? வந்திருக்கிறது. ஒரு இரங்கல் குறிப்பில் மூத்த மருமகன் பெயர் விட்டுப்போய், அந்தக் குடும்பம் மூன்று மாதம் இவரோடு பேசவில்லை. மடலில் திருத்தம் போட்டார். நேரில் போய் ஒரு சீப்பு வாழைப்பழமும் வைத்துவிட்டு வந்தார். வாழைப்பழத்துக்குத்தான் பலன் கிடைத்தது என்கிறார்.

அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது வேறொரு விஷயத்தில். படித்த இளைஞர் ஒருவர் மடலுக்குப் பிழை திருத்த வந்து, அவர் எழுதிய ‘மல்லாட்டை’யை எல்லாம் ‘நிலக்கடலை’ ஆக்கிவிட்டார். “கடையில விக்கறது நிலக்கடலை. எங்க கொல்லியில வெளையறது மல்லாட்டைதான்.” கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கொஞ்சம் குறுகுறுப்பாக இருந்தது. உங்கள் கடிதங்களில் எத்தனை மல்லாட்டையை நான் நிலக்கடலை ஆக்கியிருப்பேன்! மன்னித்துக்கொள்ளுங்கள்.

எழுதுகிறவர்களைவிட, படிக்கிறவர்களிடம்தான் எனக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் மடலுக்கு எழுதுகிற ஆளைச் சந்தையில் பார்த்தால், “போன மாசம் படிச்சேன்” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதோடு ஒரு சேதியும் கொடுங்கள். ஏழு வருஷத்தில் தானாக வந்து சேதி சொன்னவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம் என்றார் அக்கா. சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. அவருக்கு முட்டிவலி, வீடு வீடாக நடக்க முடியவில்லை. கூட ஒரு ஆள் கிடைத்தால் மாற்றி மாற்றி எழுதலாமே என்று பங்குப் பேரவையில் கேட்டிருக்கிறார். எல்லோரும் கை தட்டினார்களாம். ஆள்தான் வரவில்லை.

கிளம்பும்போது என் நம்பரை வாங்கிக்கொண்டார். போன வாரம் வாட்ஸ்அப்பில் இந்த மாத மடல் வந்தது. நாலாம் பக்கத்தின் கடைசிச் சேதி இது: “சீயமங்கலம் கோயில் பார்க்க வந்த பத்திரிகைக்காரர் ஒருவர் நம்ம ஊரில் மூன்று டம்ளர் மோர் குடித்துவிட்டுக் குடையை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். குடை பத்திரமாக இருக்கிறது.”

இரண்டு டம்ளர்தான் குடித்தேன். திருத்தம் கேட்கப் போவதில்லை.

அன்புடன்,
ஆசிரியர்