அகரத்துக்குக் குறி இல்லை

கடைசிப் பெயருக்குப் பின்னால் ஒரு கமா தொங்கிக்கொண்டிருந்தது. "மாமா, இதை எப்படி எடுக்கிறது?" என்று மடிக்கணினியோடு வந்து நின்றாள் அக்கா மகள். பன்னிரண்டாம் வகுப்பு, பைத்தான் வீட்டுப்பாடம். ஒரு லிஸ்டுக்குள் மூன்று லிஸ்ட். மூன்று வகுப்புகளின் மாணவர் பெயர்கள். ஃபார் லூப்புக்குள் இன்னொரு ஃபார் லூப் சரியாகவே எழுதியிருந்தாள். ஒவ்வொரு பெயரோடும் கமாவை ஒட்டிக்கொண்டே போனால் கடைசிப் பெயருக்கும் கமா வரத்தானே செய்யும்? ஜாயினைக் காட்டினேன். பெயர்களுக்கு இடையில் மட்டும் அது கமா வைக்கும்; பத்துப் பெயருக்கு ஒன்பது. உள் லூப்புக்கே வேலையில்லாமல் போயிற்று.

அதோடு விட்டிருக்கலாம். "பேரை விடு, உயிர்மெய் வரிசையை எழுத வை பார்ப்போம்" என்றேன். லூப்புக்குள் லூப்பை நாம் ஒன்றாம் வகுப்பிலேயே ராகம் போட்டுப் படித்துவிட்டோம். க, கா, கி என்று கௌ வரை ஓடி முடித்த பிறகுதான் ங வரும். 18 வரிசை, வரிசைக்கு 12, ஆக 216.

ஒரு லிஸ்டில் க முதல் ன வரை வைத்தாள். இன்னொன்றில் கால், கொம்பு என்று குறிகளை அடுக்கினாள். ஓட்டினால் 198தான் வந்தது. எண்ணிப் பார்த்துவிட்டு, "மாமா, குறி பதினொண்ணுதான் இருக்கு. அகரத்துக்குக் குறியே இல்லை" என்றாள். நான் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்து, லிஸ்டின் தலையில் ஒன்றுமே இல்லாத வெற்று ஸ்ட்ரிங் ஒன்றை வைத்தாள். 216!

எழுந்து போய்த் தொல்காப்பியத்தை எடுத்து வந்தேன். அதன் நூன்மரபு இயலைப் பற்றி இந்தப் பத்தியில் எத்தனை முறை எழுதியும் எனக்கு ஆசை தீரவில்லை. புள்ளி இல்லாத மெய், உருவம் மாறாமல் அகரத்தோடு ஒலிக்கும். மற்ற உயிர்களோடு உருவம் திரிந்து ஒலிக்கும். இந்த இரண்டே வழி என்கிறது நூற்பா. அவள் வைத்த வெற்று ஸ்ட்ரிங் முதல் வழி, பதினொரு குறிகளும் இரண்டாம் வழி. இளம்பூரணர் உரையோடு படித்துக் காட்டியபோது அவள் திரையையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்த வாரம் எனக்கு அது போதும்.

ஆனால் என் பழைய மனத்தாங்கல் அப்படியே இருக்கிறது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் ஐந்து என்கிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. பைத்தானும் 1991, ஒருங்குறியின் முதல் பதிப்பும் 1991. அந்தப் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. அங்கே க-வுக்கு ஓரிடம், புள்ளிக்குத் தனியாக ஓரிடம். நமக்கு க்-இன் புள்ளி போனால் க. கணினிக்குக் க-வோடு புள்ளி சேர்ந்தால் க். அதனால்தான் ஸ்ட்ரிங்கைத் திருப்பிப் போட்டால் நம் சொற்கள் சிதறுகின்றன. தமிழ்ப் பிள்ளைக்கு முதல் வாரத்திலேயே இதைச் சொல்லித்தர வேண்டும்.

நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் குறிகளோடு புள்ளியையும் சேர்த்து ஓட்டிவிட்டாள். மெய் பதினெட்டும் வந்து நின்றன. 234. "இன்னும் உயிரும் ஆய்தமும்தானே மாமா?" என்று புது லிஸ்ட் ஒன்றைத் திறந்தாள்.