பழைய பேப்பர் கட்டில் ஒரு பாடம்



போன மாசம் நான் செய்த ஒரு காரியத்தை உங்களிடம் சொல்லிவிட்டால்தான் என் மனசு ஆறும். வீட்டை ஒழிக்கிறேன் பேர்வழி என்று பரண், அலமாரி, கட்டிலுக்கு அடியில் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டேன். என் மகனின் கட்டிலுக்கு அடியில் ஒரு கட்டு இங்கிலீஷ் பத்திரிகை. அட்டையெல்லாம் சேறும் சைக்கிளும். 'படிக்கிற புஸ்தகமாக இருந்தால் மேஜை மேலே இருக்குமே' என்று நானே முடிவு செய்து பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டேன். எட்டு கிலோ இருந்தது. வந்த காசில் உளுந்தும் கருப்பட்டியும் வாங்கினேன்.

சாயந்திரம் காலேஜிலிருந்து வந்தவன் குனிந்து பார்த்தான். "அம்மா, கட்டிலுக்கு அடியில இருந்த கட்டை எங்கம்மா வெச்சீங்க?"

"அதுவா கண்ணு? கடையில போட்டுட்டேன். படிச்சு முடிச்சதுதானே?"

அவன் கோபித்துக் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவன் ஒன்றும் பேசவில்லை. சட்டையைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். இருபது வயசுப் பிள்ளையின் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எங்கள் வீட்டுக்காரருக்கு மாற்றலாகி நாங்கள் கோயமுத்தூர் வந்தபோது அவன் ஒன்பதாம் வகுப்பு. தஞ்சாவூர்ப் பக்கம் வளர்ந்தவன். இங்கே ஒரு வருஷம் முழுக்க ஒரு சிநேகிதனும் இல்லை. தடித்த டயர் போட்ட சைக்கிள் ஒன்று கேட்டான், பழசு ஒன்று வாங்கிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு எங்கிருந்தோ இன்னும் நாலு பையன்கள் சேர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் மண்பாதையைத் தேடிக் கிளம்பிவிடுவார்கள். கலிஃபோர்னியாவில் இருக்கும் என் தம்பி ஊருக்கு வரும்போதெல்லாம் இந்தப் பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுப்பான். எனக்கு அது பேப்பர். அவனுக்கு?

மறுநாள் காலையில் நானே அவனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். நல்ல வேளை, லாரி வரவில்லை. "ஏனுங்க்கா, கட்டு கட்டா அடுக்கியாச்சுங்களே, நீங்களே தேடிப் பாத்துக்குங்க" என்றார் கடைக்காரர். தூசியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து தேடினோம். மூன்று இதழ் தவிர மிச்சமெல்லாம் கிடைத்தன.

ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கும்போதுதான் கவனித்தேன். பக்கத்து ஓரமெல்லாம் ஐந்து விதமான கையெழுத்து! 'இந்த வளைவில் முன் பிரேக் பிடிக்காதே', 'மழை முடிந்ததும் இதை முயன்று பார்ப்போம்', 'நான் விழுந்த இடம் இதே மாதிரிதான்!' என்று தமிழிலும் இங்கிலீஷிலுமாகக் கிறுக்கல். அதில் ஒரு பையன் இப்போது வேலை கிடைத்துக் குஜராத் போய்விட்டான். அவன் எழுதியதும் அங்கே இருந்தது. காசு கொடுத்து வேறு வாங்கித் தரலாம் என்றால், அந்தக் கையெழுத்தை எந்தக் கடையில் வாங்குவது? பத்திரிகையும் இனி வராதாம். 'டர்ட் ராக்' என்று பேர். பிட்ஸ்பர்க் நகரத்திலிருந்து 1989-ல் தொடங்கி 2020-ல் நின்றுபோச்சு.

அன்று ராத்திரி தோசை வார்த்துக்கொண்டே, "இதில் அப்படி என்னதான் இருக்கு, எனக்கும் சொல்லேன்" என்றேன். சொல்ல ஆரம்பித்தான் பாருங்கள், மாவு தீரும்வரை நிறுத்தவில்லை!

இந்த மலை சைக்கிள் பழக்கம் கலிஃபோர்னியாவில், சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் என்ற மாவட்டத்தில் 1970-களில் வேரூன்றியதாம். முன்னொரு காலத்தில் பேப்பர் போடும் பையன்கள் ஓட்டிய தடித்த டயர் சைக்கிள்களை, வேண்டாம் என்று ஒதுக்கிய பழசுகளைத் தேடிப் பிடித்தார்கள். ஒவ்வொன்றும் இருபது கிலோவுக்கு மேல் கனம். அதை மலைமேல் ஏற்றிக்கொண்டு போய் மண்சரிவில் இறக்கி ஓட்டினார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக். மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல், 400 மீட்டர் இறக்கம். கீழே வருவதற்குள் சக்கரத்தின் நடுவிலுள்ள கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடும். திரும்பப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். திரும்ப அடைப்பதை இங்கிலீஷில் 'ரீபேக்' என்பார்களே, அதுவே அந்தச் சரிவுக்குப் பெயராகிவிட்டது. முதல் போட்டி 1976 அக்டோபர் 21-ந் தேதி. பிறகு கேரி ஃபிஷர் என்பவர் 4 நிமிஷம் 22 விநாடியில் இறங்கினாராம். நாம் பால் காய்ச்சி இறக்குவதற்குள்!

பழைய சைக்கிள் தாங்கவில்லை என்று ஜோ பிரீஸ் என்பவர் 1977-ல் மலைக்கென்றே ஒரு சைக்கிள் செய்தார். அது இப்போது வாஷிங்டனில் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் சேமிப்பில் இருக்கிறது.

எனக்குப் பிடித்த கதை இனிமேல்தான் வருகிறது. இந்தக் கூட்டத்துக்கென்று முதலில் ஒரு பத்திரிகை தொடங்கியவர்கள் இருவர். போட்டிகளை நடத்திவந்த சார்லி கெல்லி ஒருவர். இன்னொருவர் டெனிஸ் காரமாக்னோ என்ற பெண்மணி. 1980-ல் தொடங்கிய அந்தப் பத்திரிகைக்கு 'ஃபேட் டயர் ஃபிளையர்' என்று பேர் சூட்டியதும் டெனிஸ்தானாம். ஃபேட் டயர் என்றால் பருத்த டயர். 1987 வரைக்கும் நடந்தது. பெரிய முதலாளி யாரும் பின்னால் இல்லை. சைக்கிள் ஓட்டுகிறவர்களே எழுதி, அவர்களே படித்தார்கள்.

நினைத்துப் பாருங்கள். ஏதோ ஒரு ஊரில் ஒருத்தன் தன்னந்தனியாகச் சேற்றில் சைக்கிள் ஓட்டுகிறான். வீட்டில் திட்டு, தெருவில் கேலி. தபாலில் இப்படி ஒரு பத்திரிகை வருகிறது. பிரித்தால், தன்னைப் போலவே இன்னும் எத்தனையோ பேர்! 'நான் ஒன்றும் பைத்தியம் இல்லை' என்ற தைரியம் அந்த நிமிஷம்தானே வரும்?

"பொம்பளைங்க யாரும் மலைமேல ஓட்டலையா கண்ணு?" என்று கேட்டேன். அதற்கும் பதில் வைத்திருந்தான். வெண்டி கிராக் என்பவர் அந்த முதல் கூட்டத்தோடு சேர்ந்து ஓட்டியவர். கூடவே கேமராவையும் சுமந்து போனார். இன்றைக்கு அந்த ஆரம்ப நாட்களைப் படத்தில் பார்க்க முடிகிறதென்றால் பெரும்பாலும் இவர் புண்ணியம்தான். 1978-ல் கொலராடோ மாநிலத்தில் பேர்ல் கணவாயை சைக்கிளில் கடந்த கூட்டத்திலும் இருந்தார். 12,000 அடிக்கு மேல் உயரம். நம் தொட்டபெட்டா 8,650 அடிதான்.

அடுத்து ஜாக்கி ஃபீலன். 1980-களில் அமெரிக்கப் பெண்கள் பிரிவில் மூன்று வருஷம் தொடர்ந்து முதலாவதாக வந்தவர். ஜெயித்ததோடு நில்லாமல் பெண்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். அதன் பெயரைக் கேட்டால் சிரிப்பீர்கள்: பெண்கள் மலை சைக்கிள் மற்றும் தேநீர்ச் சங்கம்! ஆண்கள் கூட்டத்தில் 'இன்னும் வேகமா, இன்னும் வேகமா' என்று விரட்டுவார்கள். புதிதாக வரும் பெண் பயந்து ஒரே நாளில் நின்றுவிடுவாள். இங்கேயோ பெண்களுக்குப் பெண்களே ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். சங்கத்தின் பெயரிலேயே டீயும் இருக்கிறதே, பயந்தவளுக்குக்கூட உள்ளே வரத் தோன்றாதா?

இதைக் கேட்டதும் எனக்கு ஒரு பழைய ஞாபகம் வந்துவிட்டது. இதே மகன் பிறந்து இருபது நாள். பால் குடிக்கமாட்டான், ராத்திரியெல்லாம் அழுகை. என் அம்மாவும் அப்போது இல்லை. எனக்கு மட்டும்தான் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை என்று நினைத்து நினைத்து நானும் அழுவேன். அப்போது ஒரு பெண்கள் பத்திரிகையில், முகம் தெரியாத ஒரு சகோதரி எழுதிய கடிதம் கண்ணில் பட்டது. அவள் பிள்ளையும் அப்படியே! 'வெட்கப்படாமல் டாக்டரம்மாவைப் போய்ப் பாருங்கள். எப்படி அணைத்துப் பிடித்துக் கொடுப்பது என்று சொல்லித் தருவார்கள்' என்று எழுதியிருந்தாள். மறுநாளே போனேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் பீரோவில் புடவைக்கு அடியில் இன்றைக்கும் வைத்திருக்கிறேன். யாராவது அதைக் கிலோ கணக்கில் எடைக்குப் போட்டால் நான் சும்மா இருப்பேனா?

என் பிள்ளைக்கும் அதேதான். சேறும் சைக்கிளும் என்று நான் நினைத்த காகிதம், ஊர் புதிதாக இருந்த காலத்தில் அவனுக்குக் கிடைத்த துணை. ஆகவே சகோதரிகளே, பிள்ளைகளின் குப்பை என்று தோன்றினாலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். முடிந்தால், 'இதில் என்ன இருக்கு?' என்றும் கேளுங்கள். அந்த ஒரு ராத்திரியில் அவன் என்னோடு பேசியது அதற்கு முந்தின ஒரு வருஷத்தில் பேசவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் இப்படி மண்பாதைக்குக் கிளம்புகிறவனா? பெண் பிள்ளையாக இருந்தால் இன்னும் சந்தோஷம். தடுக்காதீர்கள், ஆனால் இவற்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஹெல்மெட் இல்லாமல் வாசல் தாண்டக் கூடாது. கழுத்துப் பட்டையை இறுக்கிப் போட வேண்டும். கையுறை அவசியம், விழும்போது முதலில் ஊன்றுவது உள்ளங்கைதான். கிளம்புமுன் இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தனியாகப் போகக் கூடாது; எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். எங்கள் பக்கம் மலையடிவாரத்தில் யானை நடமாட்டம் உண்டு. வனத்துறை நிலத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழையவே கூடாது. சிராய்ப்பு என்றால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு மண் போகக் கழுவுங்கள். காப்பித்தூள், மஞ்சள் எதையும் அப்பாதீர்கள். ஆழமான காயமானால் டாக்டரிடம் காட்டி, தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டது என்பதையும் சொல்லுங்கள். தலையில் அடிபட்டு வாந்தியோ மயக்கமோ வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அந்தக் கட்டு இப்போது எங்கே என்கிறீர்களா? கட்டிலுக்கு அடியில் இல்லை. பூஜை அறைக்குப் பக்கத்து அலமாரியில், என் சமையல் குறிப்பு நோட்டுகளோடு இருக்கிறது. காணாமல் போன மூன்று இதழ்களைத் தம்பி அங்கே பழைய புஸ்தகக் கடைகளில் தேடிக்கொண்டிருக்கிறான். கிடைத்தால் எழுதுகிறேன்.